கதை சொன்னவள் ஊர்

ஜப்பானுக்குப் போய்வந்தவனிடம் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் மூன்று. டோக்கியோ எப்படி இருக்கிறது? புஜி மலை தெரிந்ததா? க்யோட்டோவில் கெய்ஷாப் பெண்களைப் பார்த்தாயா? டோக்கியோவில் நான் ஒரே ஒரு ராத்திரி தங்கினேன், அதையும் தூங்கிக் கழித்துவிட்டேன். புஜி மலை அன்று மேகத்துக்குள் இருந்தது. க்யோட்டோவில் நான் இறங்கவே இல்லை. அப்படியானால் எதைப் பார்க்கத்தான் போனாய் என்று கேட்டவர்களுக்கு, மட்சுயே என்று ஒரு ஊர் இருக்கிறது, அதைப் பார்க்கப் போனேன் என்றேன். ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட. அந்தப் பெருமை சரியில்லாதது என்பது பிறகுதான் தெரிந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

பெரிய நகரங்களை விட்டுச் சின்ன ஊர்களுக்குப் போனால்தான் பழைய ஜப்பானைப் பார்க்கலாம் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. க்யோட்டோவின் கியோன் பகுதியில் கூட்டத்தின் தொல்லை தாங்காமல், 2024-இல் தனியார் சந்துகளுக்குள் பிரயாணிகள் நுழையக் கூடாது, மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைக்கும்படி ஆயிற்று. சரி, கனஸாவாவுக்குப் போகலாம் என்றார்கள். யுத்தத்தில் குண்டு விழாமல் தப்பிய ஊர் அது. மாயிடா பிரபுக்களின் தலைநகரம். ஜப்பானில் செய்யப்படும் தங்க ரேக்கில் அநேகமாக எல்லாமே அங்கேதான் செய்கிறார்கள். 2015 மார்ச்சில் டோக்கியோவிலிருந்து ஷின்கான்ஸென் ரயில் அங்கே வந்து சேர்ந்தது. இரண்டரை மணி நேரப் பிரயாணம். அப்புறம் அங்கேயும் கூட்டம். இப்போது கனஸாவாவும் வேண்டாம், அதைவிடச் சின்ன ஊராகப் பார் என்கிறார்கள்.

இப்படி ஒன்றை விட்டு ஒன்றாக ஓடுகிறவர்கள் எதைத் தேடி ஓடுகிறார்கள்? யார் கையும் படாத ஒரு ஊரை. ஆனால் யார் கையும் படாத ஊர் என்று உலகத்தில் ஒன்று உண்டா? கை படாத வீடு ஐந்து வருஷத்தில் இடிந்து போகும். கை படாத பாட்டு ஒரு தலைமுறையில் மறந்து போகும். பழமை என்பது எங்கேயாவது மிச்சமிருக்கிறது என்றால், யாரோ ஒருவர் அன்றாடம் அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம். அந்த யாரோ ஒருவரைக் கவனிக்காமல் பழமையை மட்டும் ரசித்துவிட்டு வருகிற பிரயாணியும் உண்டு, எழுத்தாளனும் உண்டு. நான் இரண்டுமாக இருந்திருக்கிறேன்.

மட்சுயே எனக்கு ஒரு புத்தகத்தின் மூலம் தெரிந்த ஊர். கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டுவிட்டுச் சும்மா திரிந்த நாட்களில், பழைய புத்தகக் கடை ஒன்றில் அட்டை இல்லாத ஒரு புத்தகம் கிடைத்தது. லாப்காடியோ ஹெர்ன் என்பவர் எழுதியது. 'அறிமுகமில்லாத ஜப்பானின் சில காட்சிகள்' என்று அதன் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 1894-இல் வெளிவந்தது. ஹெர்ன் 1850-இல் கிரேக்கத் தீவு ஒன்றில் பிறந்தவர். தாய் கிரேக்கப் பெண், தகப்பனார் ஐரிஷ்காரர். அமெரிக்காவில் பத்திரிகைக்காரராகக் காலம் தள்ளிவிட்டு, 1890-இல் ஜப்பானுக்கு வந்து, அந்த ஆகஸ்டு மாதக் கடைசியில் மட்சுயே பள்ளிக்கூடத்துக்கு ஆங்கில வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் இருந்தது 15 மாதங்கள்கூட முழுசாக இல்லை. ஆனால் அந்த ஊருக்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறதென்றால் அந்த 15 மாதங்களால்தான்.

புத்தகத்தில் மட்சுயேயைப் பற்றிய அத்தியாயம் ஒரு சத்தத்தோடு ஆரம்பமாகிறது. விடிகிற நேரம். ஆற்றங்கரைச் சத்திரத்தில் படுத்திருக்கிறவரின் காதில், தலையணைக்குக் கீழே நாடி துடிப்பதுபோல ஒரு கனமான ஓசை விழுகிறது. அரிசி குத்துகிற உலக்கைச் சத்தம். அப்புறம் கோயில் மணி. அப்புறம் கீரை, முள்ளங்கி, விறகு விற்கிறவர்களின் கூவல். அப்புறம் ஆற்றங்கரையில் முகம் கழுவிச் சூரியனைப் பார்த்துக் கைதட்டிக் கும்பிடுகிறவர்களின் கையோசை. பாலத்தின் மேல் கூட்டமாக நடக்கிறவர்களின் மரப்பாதரட்சை ஓசை. ஒரு ஊரைக் கண்ணால் காட்டுகிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு. காதால் காட்டியவர்கள் சொற்பம். ஹெர்னுக்குப் பதினாறு வயதில் இடது கண் போய்விட்டது. மற்றக் கண்ணும் கிட்டப்பார்வை. அதனால்தானோ என்னவோ, அவர் காதை நம்பி எழுதின பக்கங்கள் இன்றும் புதிதாக இருக்கின்றன. கண்ணை நம்பி எழுதின பக்கங்களில் அடைமொழிகள் அதிகம். எல்லாம் சின்னது, எல்லாம் மிருதுவானது, எல்லாம் கனவு போன்றது என்று அடுக்கிக்கொண்டே போவார். முதல் புத்தகத்தில் பாதிக்கு மேல் இந்தக் குறை உண்டு. இருபது வயதில் நான் ரசித்தது அந்தப் பாதியைத்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. ஜப்பான் மாறக் கூடாது என்று ஹெர்ன் ஆசைப்பட்டார். அந்த மரப்பாதரட்சை ஓசை கேட்ட ஓஹாஷி பாலம் அவர் எழுதும்போதே புதுசு. இரும்புக் கால்களின் மேல் அப்போதுதான் கட்டித் திறந்திருந்தார்கள். பழைய மரப்பாலம்தான் அழகாக இருந்தது என்று அவர் சொல்லாமல் விடவில்லை. புது ஜப்பான் என்றாலே அவருக்கு மனம் சுருங்கும். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது எது? ஜப்பானியப் பையன்கள் ஆங்கிலம் கற்கவேண்டும் என்று விரும்பிய அந்தப் புது ஜப்பான்தானே? மாறுதலுக்குக் கூலி வாங்கிக்கொண்டு மாறுதலை வெறுத்த மனிதர் அவர். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. ரயிலில் ஏறி, கையில் போட்டோ எடுக்கும் தொலைபேசியை வைத்துக்கொண்டு, பழமையைத் தேடிப் போகிற நாம் எல்லோரும் அவருடைய வாரிசுகள்.

ஒகயாமா ஸ்டேஷனில் ஷின்கான்ஸெனை விட்டு இறங்கி 'யாக்குமோ' என்கிற வண்டியில் ஏறவேண்டும். மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போகிறது. யாக்குமோ என்றால் எட்டு மேகம், அந்தப் பிரதேசத்தின் புராதன அடைமொழி. 1896-இல் ஹெர்ன் ஜப்பானியப் பிரஜையானபோது இந்தச் சொல்லையே தன் பெயராக எடுத்துக்கொண்டு 'கொய்சுமி யாக்குமோ' ஆனார். கொய்சுமி அவருடைய மனைவியின் குடும்பப் பெயர். இந்த விவரத்தை ரயிலில் உட்கார்ந்து படித்தபோது வெறும் விவரமாகத்தான் பட்டது.

முதல் நாள் விடியலில் எழுந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். உலக்கைச் சத்தம் கேட்கவில்லை. கேட்கும் என்று எதிர்பார்த்தது என் அசட்டுத்தனம். லாரி ஒன்று போயிற்று. பள்ளிக்கூடப் பையன்கள் சைக்கிளில் போனார்கள். இப்போதைய ஓஹாஷி பாலம் 1937-இல் கட்டியது. அதன்மேல் நடந்தவர்கள் ரப்பர் அடி வைத்த பூட்ஸு போட்டிருந்தார்கள். ஓசையே இல்லை. ஏமாற்றத்தோடு ஏரிக்கரைக்குப் போனேன். ஷின்ஜி ஏரியில் சின்னப் படகுகள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள், நீளக் கழி முனையில் கட்டிய கூடையைத் தண்ணீருக்குள் விட்டு அடிமண்ணை வாரிக்கொண்டிருந்தான். ஷிஜிமி என்கிற சின்னக் கறுப்புச் சிப்பி. அந்த ஊரின் காலைக் குழம்பு அதில்தான். வாரும் நேரத்துக்கும் அளவுக்கும் மீனவர்கள் தங்களுக்குள்ளேயே வரம்பு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் ஏரியில் சிப்பி மிஞ்சாது. பிரயாணிக்காக அவர்கள் அதைச் செய்யவில்லை. நான் நிற்பதையே அவர்கள் கவனிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹெர்ன் கேட்ட உலக்கையும் அவர் கேட்பதற்காக விழுந்ததல்ல.

அதற்குப் பிறகு அந்த ஊரை வேறுவிதமாகப் பார்க்க ஆரம்பித்தேன். கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1611-இல் கட்டி முடித்த மரக் கோபுரம். கறுப்புப் பலகை அடித்து, ஏரியைப் பார்த்து நிற்கிறது. ஜப்பானில் பழைய காலத்துக் கோபுரமே மிஞ்சியிருக்கிற கோட்டைகள் 12 தான், அவற்றில் இது ஒன்று. மெய்ஜி அரசாங்கம் கோட்டைகள் வேண்டாம் என்று ஏலம் போட்டபோது, 1875-இல் இந்தக் கோபுரத்துக்கு விழுந்த விலை 180 யென். கட்டையும் இரும்பும் விறகு விலைக்குப் போக இருந்தன. கட்சுபே மொட்டோஎமொன் என்கிற பணக்கார விவசாயியும், தகாகி கொம்பாச்சி என்கிற பழைய சாமுராய் ஒருவரும் முன்னின்று அந்தப் பணத்தைக் கட்டிக் கோபுரத்தை மீட்டார்கள். சுற்றியிருந்த மற்றக் கட்டிடங்கள் போய்விட்டன. 1611 என்பதற்கு ஆதாரமான பிரார்த்தனைப் பலகைகள் பக்கத்திலிருந்த கோயிலில் 2012-இல் கண்டெடுக்கப்பட்டன. 2015-இல் கோபுரம் தேசியப் பொக்கிஷம் என்று பிரகடனமாயிற்று. 'நானூறு வருஷமாக அப்படியே நிற்கிறது' என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படியே நிற்கவில்லை. நிற்க வைத்தார்கள்.

தின்பண்டங்களும் இதே கதைதான். மட்சுயேயின் ஏழாவது மட்சுதாய்ரா பிரபு ஃபுமாய் தேநீர்க் கலையில் பெரிய ரசிகர். 1779-இல் அவர் சொல்படி கட்டிய 'மெய்மெயான்' என்ற கூரைவேய்ந்த தேநீர்க் குடில் ஒரு குன்றின் மேல் இன்னும் இருக்கிறது. அவருடைய ரசனையால் அந்த ஊரில் சாதாரண வீடுகளிலும் பெரிய சடங்கு எதுவும் இல்லாமல் பச்சைத் தேயிலைப் பொடியைக் கரைத்துக் குடிக்கிற வழக்கம் ஏற்பட்டது. கூடவே 'வகாகுசா', 'யமகாவா' என்று தின்பண்டங்கள். ஃபுமாய் காலத்திலிருந்து இடைவிடாமல் வருகிறவை என்றுதான் நான் நினைத்தேன். இல்லை. பிரபுக்களின் காலம் போனதும் இவை மறைந்துபோயின. பிற்பாடு ஊர்க் கடைக்காரர்கள் செய்முறையைத் தேடிப்பிடித்து மறுபடி செய்தார்கள். நான் போன கடையில் ஒரு வயதான அம்மாள் கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள். கிண்ணத்தை எந்தப் பக்கம் திருப்பிக் குடிக்க வேண்டும் என்று சைகையால் கேட்டேன். அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், ஆறுவதற்குள் குடி என்று அவளும் சைகையாலேயே சொன்னாள். பச்சரிசி மாவில் செய்த பண்டம், நம் அதிரசத்துக்குத் தூரத்து உறவு என்றுகூடச் சொல்ல முடியாது, ஆனாலும் உறவுதான்.

அறுந்ததை மறுபடி முடிந்தால் அது பாரம்பரியம் ஆகுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். இது மட்சுயேயில் நடந்ததல்ல, அதே கடற்கரையில் வடக்கே நோட்டோ தீபகற்பத்தில் நடந்தது. வஜிமா என்ற ஊர் அரக்குப் பாத்திரங்களுக்கும் காலைச் சந்தைக்கும் பெயர் போனது. 2024 ஜனவரி 1-ஆம் தேதி பூகம்பம் வந்து, தீப் பிடித்து, சந்தைத் தெரு சாம்பலாயிற்று. அந்த மார்ச் மாதமே, அங்கே கடை போட்டிருந்த பெண்கள் கனஸாவாவுக்கு வந்து சந்தை கூட்டினார்கள். தெரு அங்கே இல்லை. ஆனால் வஜிமா சந்தை அங்கேதான் நடந்தது.

மூன்றாம் நாள் ஹெர்னின் வீட்டுக்குப் போனேன். கோட்டை அகழிக்கு வடக்கே ஷியோமி நவாத்தே என்கிற பழைய சாமுராய்த் தெரு. சின்ன வீடு. ஒரு அறையில் உட்கார்ந்தால் மூன்று பக்கமும் தோட்டம் தெரிகிறது. அந்தத் தோட்டத்தைப் பற்றி ஹெர்ன் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறார். தவளைகூட அதில் பாத்திரம். பக்கத்தில் அவர் பெயரால் ஒரு காட்சிசாலை. கிட்டப்பார்வைக்காக உயரமாகச் செய்த அவருடைய மேஜை அங்கே இருக்கிறது. அந்த மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இந்த வீட்டில் இன்னொருத்தியும் இருந்தாளே, அவள் எங்கே உட்கார்ந்தாள் என்று ஒரு கேள்வி எழுந்தது.

செட்சு 1868-இல் மட்சுயேயில் பிறந்தவள். சாமுராய் குடும்பம். அந்த வருஷம்தான் பழைய ஆட்சி கவிழ்ந்தது. சாமுராய்களுக்கு வந்துகொண்டிருந்த மானியம் நின்றது. குடும்பம் நொடித்தது. படிப்பில் ஆசையிருந்தும் பதினோரு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தறியில் உட்கார்ந்தாள். முதல் கணவன் ஓடிப்போனான். 1891-இல், 23 வயதில், வெள்ளைக்கார வாத்தியார் வீட்டில் வேலைக்கு வந்தாள். அப்படி வந்தவள்தான் மனைவியானாள். ஹெர்ன் எந்தப் பழைய ஜப்பானைக் கண்டு உருகினாரோ, அது இடிந்து விழுந்தபோது அடியில் அகப்பட்டவள் அவள்.

ஹெர்னுக்குக் கடைசிவரை ஜப்பானியப் புத்தகங்களைத் தாமாகப் படிக்க வராது. இருவரும் தங்களுக்குள் ஒரு கொச்சைப் பாஷையில் பேசிக்கொண்டார்கள். கதைகளைத் தேடிப் பழைய புத்தகக் கடைகளுக்கு அலைந்தவள் செட்சு. ராத்திரி விளக்கைத் தணித்துவிட்டு அவள் கதை சொல்ல வேண்டும். புத்தகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது, உன் வார்த்தையில், உன் நினைப்பில் சொல் என்பார். அந்த இடத்தில் குரல் எப்படி இருந்திருக்கும், சொல்லிக் காட்டு என்று திரும்பத் திரும்பக் கேட்பார். காதில்லாத ஹோய்ச்சி என்ற குருட்டுப் பாடகனின் கதையை எழுதிய நாட்களில், ஒருநாள் இருட்டிய பிறகும் விளக்கேற்றாமல் அவர் உட்கார்ந்திருக்க, அடுத்த அறையிலிருந்து அவள் அந்தப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லி மெல்லக் கூப்பிட்டாளாம். 'நான் குருடன், நீங்கள் யார்?' என்ற பாவத்தில் இவர் பதில் சொன்னாராம். ஹெர்ன் இறந்து பத்து வருஷத்துக்குப் பின் 1914-இல் வெளிவந்த செட்சுவின் நினைவுகளில் இதெல்லாம் இருக்கிறது.

அந்தக் கதைகள்தாம் 'க்வைடான்'. ஹெர்ன் இறந்த 1904-ஆம் வருஷமே வெளிவந்தது. பிற்காலத்தில் 1964-இல் கோபயாஷி இதே பெயரில் ஒரு திரைப்படம் எடுத்தார். ஹெர்னின் புத்தகங்களில் ஒன்றுதான் மிஞ்சும் என்றால் இது மிஞ்ச வேண்டும் என்பது என் முடிவு. முதல் புத்தகத்தின் அடைமொழி மூட்டையெல்லாம் இதில் அவிழ்ந்து போயிற்று. வாக்கியம் ஒல்லியாகிறது. பயம் வருகிற இடத்தில் ஆசிரியர் ஒதுங்கிக்கொள்கிறார். மொழியில் பழுத்ததனால் என்று சொல்லலாம். ஒரு பெண் வாயால் சொல்லக் கேட்டு எழுதியதனால் என்றுதான் நான் சொல்வேன். வாயால் சொல்கிற கதையில் அடைமொழிக்கு இடமில்லை. கேட்கிறவன் தூங்கிவிடுவான்.

அதன் முன்னுரையில், கதைகள் எந்தெந்தப் பழைய ஏடுகளில் இருந்து எடுத்தவை என்று ஹெர்ன் பெயர் சொல்கிறார். பனிப்பெண் கதையைச் சொன்னவர் முசாஷிப் பிரதேசத்து விவசாயி ஒருவர் என்று அவருடைய ஊரையும் குறிக்கிறார். நேர்மையான மனிதர். ஆனால் செட்சுவின் பெயர் அதில் இல்லை. வேண்டுமென்று விட்டார் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்குள் இருக்கிற காற்றுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை அல்லவா? அவ்வளவு பக்கத்தில் இருந்தவள் அவர் கண்ணுக்குப் படவில்லை.

இந்த இடத்தில் ஹெர்னைக் குற்றம் சொல்லிவிட்டு நான் நழுவ முடியாது. தீபாவளிக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கொல்லையில் முறுக்குக்கு மாவு இடிக்கிற உலக்கைச் சத்தம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. என் கதைகள் இரண்டில் அதை அழகாக எழுதி, நல்ல பேர் வாங்கியிருக்கிறேன். இடித்தவள் என் பெரியம்மா. அவள் உள்ளங்கைக் காய்ப்பு ஒரு கதையிலும் வரவில்லை. அது மட்டுமா? என் முதல் தொகுதியிலிருக்கிற பதினோரு கதைகளில் நாலு அவள் சொன்னவை. திண்ணையில் உட்கார்ந்து, பாக்கு வெட்டிக்கொண்டே சொன்னவை. அந்தத் தொகுதியின் முன்னுரையில் பத்திரிகை ஆசிரியர்களுக்கும், அட்டைப் படம் போட்டவருக்கும், எனக்குப் பிடித்த வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். பெரியம்மா பெயர் இல்லை. புத்தகம் வந்தபோது ஒரு பிரதியை அவள் கையில் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியும். படித்துவிட்டு, 'நன்னாருக்குடா, எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு' என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவள் இப்போது இல்லை.

மட்சுயேக்குப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு, தாராளமாகப் போகலாம் என்பேன். 2025 இலையுதிர் காலத்தில் ஜப்பானிய என்.எச்.கே. நிறுவனம் செட்சுவின் வாழ்க்கையை ஆதாரமாக வைத்துக் காலைத் தொடர் நாடகம் ஒன்றை ஒளிபரப்ப ஆரம்பித்தது. ஆகவே ஒருவருக்கும் தெரியாத ஊர் என்று பெருமைப்பட அங்கே இனி ஒன்றும் இல்லை. அதனால் நஷ்டமும் இல்லை. கூட்டமில்லாத ஊரா என்று பார்த்துப் போவதைவிட, இங்கே எதை யார் தங்களுக்காகச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கப் போவது மேல். குன்றின் மேல் தேநீர்க் குடிலைப் பாருங்கள். ஆனால் கூரை வேய்கிறவன் யார் என்று விசாரியுங்கள். பண்டத்தைத் தின்னுங்கள். அதைப் பிசைந்த கையையும் ஒருதரம் பாருங்கள். ஹெர்னின் தோட்டத்தில் உட்காருங்கள். அவளுடைய நினைவுகளையும் படித்துவிட்டு உட்காருங்கள்.

ஊர் திரும்பியதும் முதல் காரியமாக என் பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் தொகுதியின் அடுத்த பதிப்பில் முன்னுரையில் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டும், எந்தெந்த நாலு கதைகள் என்பதையும் அதில் குறிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஒரு பக்கம் கூடினால் செலவு கூடுமே என்று பதில் வந்திருக்கிறது. வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு நன்றி சொன்ன பத்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன்.